எடை மேடை ஏறிய இரண்டு சீட்டு வண்டி

1. கோளாறு இல்லை

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று நான் சொன்ன அன்றுதான், அதை விற்கப்போவதாகக் காதர் பாய் சொன்னார்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் என் பட்டறை இருக்கிறது. லாரிக்குப் பட்டை கட்டுவது என் தொழில். பட்டை என்றால், லோடைத் தாங்குவதற்காகச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வைத்திருக்கும் ஸ்பிரிங் தகடுகள். ஊரில் என்னை வெறும் பாண்டி என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. பட்டைப் பாண்டி என்றால் தெரியும். என் மகள் கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படி அச்சடித்துவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பட்டறையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். இந்தத் தொழிலுக்குள் வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று அவர்தான் நச்சரித்துக்கொண்டிருந்தார். லாரிக் கதை எல்லோரிடமும் இருக்கும் என்பதால் கார்க் கதை எழுதுகிறேன்.

அது ஒரு திங்கட்கிழமை. காதர் பாய் தன் காரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். இறங்கினார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். தரையோடு தரையாக இருக்கும் வண்டி அது. அவரோ அறுபதைத் தாண்டிய முழங்கால் வலிக்காரர். கதவைப் பிடித்து, தூணைப் பிடித்து, கடைசியில் என் கையைப் பிடித்துத்தான் எழுந்து நின்றார்.

“பாண்டி, இத நல்லாப் பாத்துரு. முந்தி மாதிரி இழுக்கல. வளைவுல கூப்புட்டா வரமாட்டேங்குது” என்றார்.

பகல் முழுக்கப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றினேன். கம்ப்ரஷன் பார்த்தேன். நாலு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றினேன். எங்கேயும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கிளச் வழுக்கவில்லை. இந்த வயதில் இவ்வளவு சுத்தமான இன்ஜினை நான் பார்த்ததே குறைவு. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன்.

“பாய், இதுல கோளாறுன்னு ஒண்ணுமே இல்ல.”

“அப்ப கோளாறு இல்லாமலே செத்துப்போச்சுங்கிறியா?”

எனக்குச் சுருக்கென்றது.

“மச்சான் ஒரு பார்ட்டி பாத்து வச்சிருக்காரு. கோயம்புத்தூர்க்காரவுக. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் வாராக. அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும். கழுவித் தொடச்சு வையி” என்றார். கதவில் கையை ஊன்றிக்கொண்டார். “ரெண்டு பேருதான் போக முடியும். ஒரு மூட்ட வைக்க முடியாது. ஓட்டுனா ஒரு சந்தோசம், அதுக்குத்தான இது. அதுவும் இல்லன்னா நிப்பாட்டி வச்சு என்ன செய்ய.”

2. அடியில் படுத்துப் பார்த்த நாள்

அந்த வண்டி ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காதர் பாய் சிங்கப்பூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு திரும்பியபோது, சாமானோடு சாமானாக இதையும் கப்பலில் ஏற்றிவிட்டார். வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் அங்கே ஓட்டிய காரை வரி கட்டிக் கொண்டுவர அப்போது வழி இருந்தது. ஆளுக்கொரு பெரிய காராகக் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது ஜப்பான்காரன் செய்த இரண்டு சீட்டு வண்டி. மேலே துணிக்கூரை. சுவிட்சைப் போட்டால் மூடியிருக்கும் ஹெட்லைட் இரண்டும் தவளைக் கண் மாதிரி எழுந்து நிற்கும். அதைப் பார்க்கவே தெருவில் கூட்டம் கூடியது.

நான் சிரித்தேன். பரளச்சிப் பக்கத்து ஊர்க்காரர்கள் உளுந்து மூட்டையையும் மிளகாய் வத்தலையும் ஏற்றிக்கொண்டு வருகிற ரோட்டில் தொழில் செய்கிறவன் நான். எந்த வண்டியைப் பார்த்தாலும் எத்தனை டன் தாங்கும் என்றுதான் முதலில் கேட்பேன். இந்த வண்டியிடம் அதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒருநாள் சைலன்சரில் கல் அடித்துச் சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். அப்போதுதான் அடியில் படுத்துப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்ஜின் முன்னால் நீளவாக்கில் கிடந்தது. அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், நடுவில் ஓடும் நீளத் தண்டு, கடைசியில் பின் சக்கரத்தைச் சுற்றவைக்கும் கிரௌன் பல்சக்கரம். லாரியின் அமைப்பு அப்படியே. கைக்கு அடக்கமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றை முன் சக்கரம்தான் இழுக்கிறது. அதே சக்கரம்தான் திரும்பவும் வேண்டும். ஒரே ஆள் மாவாட்டிக்கொண்டே பிள்ளைக்குச் சோறும் ஊட்டுவதுபோல. செய்துவிடலாம், ஆனால் இரண்டும் அரைகுறை. இந்த வண்டியில் முன் சக்கரத்துக்குத் திரும்புவது மட்டும் வேலை. தள்ளுவது பின் சக்கரத்தின் வேலை. யார் வேலையிலும் யாரும் தலையிடுவதில்லை.

வேலை முடிந்ததும் காதர் பாய், “ஏறு, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்றார். பரளச்சி ரோட்டில், கண்மாய்க்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகிற பாதையில் கூட்டிப்போனார். கூரையைப் பின்னால் மடித்துவிட்டிருந்தார். வேகம் ஒன்றும் பெரிதில்லை. டவுன் பஸ்காரனே எங்களை முந்தியிருப்பான். ஆனால் கரை வளையும்போது வண்டியின் பின்பக்கம் தள்ளுவது என் இடுப்புக்குத் தெரிந்தது. கரிசல் ரோட்டின் ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது, ஆனால் வலிக்கவில்லை. ரோட்டோடு பேசிக்கொண்டே போனது வண்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை கேலிச் சிரிப்பு இல்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்பது வயதில், க்ரீஸ் அப்பிய கையோடு, உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்தக் கம்பெனிக்காரன் இன்றைக்கும் இதே முறையில் வண்டி போடுகிறானாம். மற்ற கார்களெல்லாம் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போக, இதை மட்டும் ஒல்லியாகவே வைத்திருக்கிறானாம். எதற்காக என்று எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

3. சீர்வரிசை

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வண்டி வந்தால் சொந்தக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அரைஞாண் கொண்டுபோவதுபோல ஆளுக்கு ஒன்று மாட்டிவிட்டால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். இதில் சாதி மதமெல்லாம் கிடையாது. ஒரு தடவை என் பைக்குக்கு என் கொழுந்தியாள் வீட்டில் மூன்று ஹார்ன் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றையும் மாட்டிக்கொண்டுதான் திரிந்தேன்.

காதர் பாய் வண்டிக்கு முதல் சீர் அவர் மச்சான் ஜமாலிடமிருந்து வந்தது. ஜமால், காதர் பாயின் மனைவி சபுரா பீவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். டவுனில் பருப்பு மண்டி வைத்திருக்கிறார். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். ஒருநாள் திருச்சுழிக்குப் போகும்போது குறுக்கே ஓடிவந்த வெள்ளாடு மோதி ஹெட்லைட் உடைந்துவிட்டது. உள்ளே சபுரா பீவி இருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஜமால் அன்றைக்கே கிரில் பட்டறைக்காரனைக் கூப்பிட்டு, முன்னாலும் பின்னாலும் இரும்பு பைப்பில் தடுப்புக் கார்டு அடிக்கச் சொல்லிவிட்டார். கோயில் மாடு முட்டினாலும் அசையாத கார்டு. அதோடு இன்ஜினுக்கு அடியில் ஒரு தடித்த இரும்புத் தகடு.

அடுத்து, பாலவனத்தம் வேகத்தடையில் வயிறு உரசுகிறது என்று காதர் பாயின் தம்பி ஸ்பிரிங்குக்குள் ரப்பர் பஃபர் திணித்து வண்டியை உயர்த்தினார். துபாயில் இருக்கும் பாயின் மருமகன் பாட்டுப் பெட்டியும், டிக்கியை அடைத்துக்கொள்கிற மரப்பெட்டி ஸ்பீக்கரும் கொண்டுவந்தார். மகள் மெத்தை மாதிரி சீட் கவர் போட்டாள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் கூரை. துணிக்கூரை ஓரத்தில் கிழிந்தது. “நம்ம ஊரு வெயில்ல எவனாச்சும் மண்டையக் காயப்போடுவானா?” என்று வீடே சேர்ந்து கேட்டது. வேன் பாடி கட்டுகிற இடத்தில் கொடுத்து, இரும்புத் தகட்டில் ஒரு கூரை செய்து போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டார்கள். திறந்து ஓட்டுவதற்கென்றே செய்த வண்டிக்கு மூடி போட்ட ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

இதெல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. வருஷத்துக்கு ஒன்று என்று ஏறியது. என் பட்டறையில் எதுவும் மாட்டவில்லை. சர்வீசுக்கு வரும்போதெல்லாம் புதுசாக ஒன்று மாட்டியிருக்கும். “பாய், அடுத்து என்ன, ஏணியா?” என்று கேட்பேன். அவரும் சிரிப்பார். உண்மையைச் சொன்னால் அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. லாரிக்காரன் கணக்கில் நூறு கிலோ, இருநூறு கிலோ எல்லாம் எடையிலேயே சேராது. டிரைவரும் கிளீனரும் ஏறினால் வருகிற எடை.

4. பாயம்மா

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சபுரா பீவி இறங்கினார். நான் அவரைப் பாயம்மா என்று கூப்பிடுவேன். அவர் என் பட்டறைக்குள் அதுவரை வந்ததில்லை. வாசல்வரை வந்தாலும் வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்தபடியே தலையசைப்பார், அவ்வளவுதான்.

“பாண்டியண்ணே, வெள்ளிக்கிழமை வித்துருவாக.”

“பாய் சொன்னாக, பாயம்மா.”

“அதுக்குள்ள அதுக்கு என்னன்னு கண்டுபிடிங்க. விக்கிறது அப்புறம் இருக்கட்டும்.”

“ஒரு கோளாறும் இல்லம்மா. முழுசாப் பாத்துட்டேன்.”

“கோளாறுன்னு நான் சொல்லல. பாரமா இருக்கு” என்றார். வண்டிப் பக்கம் போய்க் கதவில் கை வைத்தார். “முந்தியெல்லாம் திரும்பணும்னு நெனச்சாலே திரும்பும். ஸ்டியரிங்கு கையில பேசும். பிரேக்க லேசாத் தொட்டா மூக்கு லேசாக் குனியும். இப்ப பொதபொதன்னு போகுது. வளைவுல தலை மட்டும் தனியா ஆடுது.”

எனக்கு ஒன்று பிடிபடவில்லை. இடப்பக்கம் உட்காருகிறவருக்கு இடுப்பில் தெரிவது தெரியும். ஸ்டியரிங் கையில் பேசுவது எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன்.

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “சிங்கப்பூர்ல நாந்தான ஓட்டுனேன்” என்றார். “கடைய அடச்சிட்டு கடலோரமாப் போவோம். அவுகளுக்குக் கியரு மாத்தச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். இங்க வந்தப்ப மாமியா இருந்தாக. தெருவுல பேசுவாகன்னாக. சரின்னு சாவிய அவுக கையில குடுத்தேன். மாமியா மௌத்தாகி எத்தனையோ வருசமாச்சு. சாவி அங்கயே இருந்துருச்சு.”

“லைசென்சு?”

“தவறாமப் புதுப்பிச்சு வச்சிருக்கேன். அவுகளுக்குத் தெரியாது.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பருப்பு வேகவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். இருபது வருஷமாக ஒருத்தர் தன் வண்டியில் தானே பாசஞ்சராக உட்கார்ந்து வந்திருக்கிறார். அது உயிரோடு இருந்ததும் அவருக்குத் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாகச் செத்ததும் தெரியும்.

பாரம் என்று அவர் சொன்ன வார்த்தை ராத்திரி சாப்பிடும்போதும் காதில் நின்றது. பாரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? என் தொழிலே அதுதானே.

5. எடை மேடை

புதன்கிழமை காலை வண்டியைப் பாலவனத்தம் பக்கம் இருக்கும் எடை மேடைக்கு ஓட்டிப்போனேன். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று அந்த ரோட்டில் ஜல்லி லாரிக்கும் மண் லாரிக்கும் பஞ்சமில்லை. இரண்டு டாரஸ் லாரிக்கு நடுவில் இந்த வண்டி வரிசையில் நின்றது. மேடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“என்ன பட்டையண்ணே, லோடு எங்க?”

“இதுதான்யா லோடு. போடு.”

நான் இறங்கி நின்றுகொண்டேன். வண்டியின் பேப்பரில் இருக்கும் எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. மேடை காட்டியது அதைவிட இருநூறு கிலோ கூட. மறுபடி போடச் சொன்னேன். அதே எடை. பிறகு முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்திப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் பாதிப் பாதியாக நிற்க வேண்டிய வண்டி மூக்கில் கனத்துக் கிடந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்து டன் லாரிக்கு இருநூறு கிலோ என்றால் டிரைவருக்கே தெரியாது. ஒரு டன் வண்டிக்கு அது அஞ்சில் ஒரு பங்கு. அதிலும் இரும்புக் கூரை உச்சந்தலையில். வளைவில் தலை தனியாக ஆடுகிறது என்று பாயம்மா சொன்னது அச்சு அசலாக அதுதான். ஸ்பிரிங்கை நெருக்கிக்கொண்டு ரப்பர் உட்கார்ந்திருந்தால் ரோடு எப்படிப் பேசும்? வாயில் துணியை அடைத்துவிட்டுப் பேசு என்றால் எவன் பேசுவான்? எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. எல்லாம் பாசத்தில் மாட்டியவை.

பாயம்மாவுக்குப் போன் போட்டேன். “கழட்டணும்மா. எல்லாத்தையும். உங்க அண்ணன் மாட்டுன கார்டையும் சேத்து. பாய்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிக்கிறது நல்லது.”

“கழட்டுங்கண்ணே. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன். பழைய துணிக்கூர பரண்ல இருக்கு, குடுத்து விடுறேன்” என்றார்.

அன்றும் மறுநாளும் வேறு வேலை எதையும் தொடவில்லை. முன் கார்டு, பின் கார்டு, அடித்தகடு, ஸ்பீக்கர் பெட்டி, சீட் கவர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தார்ப்பாய் விரித்து அதன்மேல் போட்டேன். கூரையை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. போட்டுப் பார்த்தால், இன்னொரு வண்டி செய்யலாம்போல ஒரு குவியல். ரப்பரை எடுத்ததும் வண்டி தன் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்தது. லாரிக்குக் கட்டுவதுபோல நூல் கட்டி நாலு சக்கரத்தையும் நேர் பார்த்தேன். துணிக்கூரையின் கிழிசலை ஆட்டோவுக்கு மேற்படுதா தைக்கிறவரிடம் கொடுத்தேன். ஆட்டோ ரெக்சினை வைத்தே தைத்துக் கொடுத்தார். பார்க்க ஒட்டுப் போட்ட மாதிரிதான் இருந்தது, ஆனால் மடங்கியது.

6. வெள்ளிக்கிழமை

ஜும்மா முடிந்து காதர் பாயும் ஜமாலும் வண்டியை எடுக்க வந்தபோது, பாயம்மா அவர்களுக்கு முன்பே வந்து பட்டறைக்குள் நின்றிருந்தார். பாயிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றவர் அதுவரை சொல்லவில்லை என்பது பாயின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஜமால் முதலில் பார்த்தது தார்ப்பாயில் கிடந்த தன் கார்டைத்தான்.

“இத எவன் கழட்டுனது?”

ஜமால் என் பக்கம் திரும்பினார்.

“ஏலே பாண்டி, எந்தங்கச்சி உசுருக்குன்னு போட்டது இது. யாரக் கேட்டுக் கழட்டுன?”

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். “எஃப்.சி.க்குப் போறப்ப விடமாட்டாக பாய். கம்பி கார்டு போடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.” பொய் இல்லை, அப்படிச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. எங்கள் ஊரில் சொந்தக்காரர்களுக்குள் மனஸ்தாபம் வராமல் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றால் கவர்மென்ட் மேல் போட்டுவிடுவதுதான் வழக்கம்.

பாயம்மா என்னை முடிக்க விடவில்லை. “சட்டத்துக்காக இல்ல ஜமால்ண்ணே. நாந்தான் கழட்டச் சொன்னேன்.”

“நீ எதுக்குச் சொன்ன?”

“ஓட்டுறதுக்கு.”

“யாரு ஓட்டுறதுக்கு?”

“நாந்தான்.”

ஜமால் காதர் பாயைப் பார்த்தார். காதர் பாய் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டி சிங்கப்பூரிலிருந்து இறங்கிய அன்று இருந்ததுபோல நின்றது, ஆட்டோ ரெக்சின் ஒட்டைத் தவிர.

“பார்ட்டி பாதி வழி வந்துட்டாக. நான் வாக்குக் குடுத்திருக்கேன்” என்றார் ஜமால். மண்டிக்காரருக்கு வாக்கு என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் எதுவும் இல்லாமல் வாய்ச் சொல்லிலேயே லோடு லோடாகப் பருப்பு வாங்கி விற்கிறவர்.

“குடுத்த வாக்க மாத்தச் சொல்லல. வாங்கண்ணே, ஒருக்கா உக்காருங்க. வந்து அப்புறம் சொல்லுங்க” என்று பாயம்மா வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். சீட்டை முன்னால் இழுத்தார். இருபது வருஷமாகக் கை வைக்காதவர்போல இல்லை. ஜமால் முனகிக்கொண்டே இடப்பக்கம் தன் உடம்பை இறக்கினார். வண்டி வாசலைத் தாண்டும்போது ஒரு உறுமல். அப்புறம் கியர் மாறுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பரளச்சிப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

நானும் காதர் பாயும் தனியாக நின்றோம். அவருக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“ஏன் பாய், அவுக இவ்வளவு ஓட்டுவாகன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்லயே” என்றேன்.

“நீ கேக்கல” என்றார். வண்டி போன திசையைப் பார்த்தபடி, “அவளும் கேக்கல. நானும் குடுக்கல” என்றார். அவர் அழுதார் என்று எழுதினால் மிகை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார், அவ்வளவுதான்.

போனவர்கள் திரும்பி வர நேரமாயிற்று. நான் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தேன். புதுசாகக் கட்டிய நூல் கணக்கு, ஒட்டுப் போட்ட கூரை, கார்டு இல்லாத மூக்கு, ரோடெல்லாம் வெள்ளாடு. அப்போது வண்டியின் உறுமல் கேட்டது. வண்டி வந்து நின்றது. ஜமாலின் தொப்பி மடியில் இருந்தது. வண்டியின் கூரை மடங்கியிருந்தது, அவர் முடி காற்றில் நட்டுக்கொண்டு நின்றது. இறங்குவதற்கு நான் கை கொடுத்தேன். அவர் கையைப் பிடிக்காமல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“தம்பி, எங்க வந்துட்டீங்க? திருமங்கலமா? அங்கயே ஓரமா நிப்பாட்டுங்க. வண்டி விக்கிறதுக்கில்ல. ஆமா, வாக்குக் குடுத்தேன். தப்புதான். என்ன வேணா திட்டிக்கிருங்க. எந்தங்கச்சி வண்டிய விக்க வாக்குக் குடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?”

அந்தப் பக்கத்திலிருந்து நிறையத் திட்டியிருக்க வேண்டும். ஜமால் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுசையும் நின்று கேட்டார். கேட்டு முடித்து, “சாப்புட்டுப் போங்க, மதுரையில எங்க ஆளு இருக்காரு, சொல்லி வைக்கிறேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தக் கார்ட லோடு ஆட்டோவுல ஏத்தி மண்டிக்கு அனுப்பிரு” என்றார்.

இப்போது அது மண்டி வாசலில் நிற்கிறது. ஆடு உள்ளே வந்து பருப்பைத் தின்னாமல் தடுக்கிறது. அந்தக் கார்டு ஒழுங்காகச் செய்த முதல் வேலை அதுதான்.

7. இடப்பக்க சீட்டு

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வண்டி சரியில்லை என்று வந்தால், எது உடைந்தது, எது தேய்ந்தது, எது இல்லை என்றுதான் தேடுகிறோம். எது கூடுதலாக இருக்கிறது என்று தேடுவதில்லை. அந்த ஜப்பான்காரன் எதைச் சேர்த்து அந்த வண்டியை இவ்வளவு நாள் விற்கிறான் என்று கேட்கிறார்கள். சேர்க்காமல் இருந்துதான் விற்கிறான். நமக்கு அது ரொம்பக் கஷ்டமான வேலை.

இன்னொன்று. வண்டியைப் பற்றி விசாரிக்கும்போது சாவி வைத்திருப்பவரிடம் மட்டும் விசாரிக்கக் கூடாது.

அதற்குப் பிறகு பாயம்மாதான் ஓட்டுகிறார். சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால் கிளம்பிக் கண்மாய்க்கரையைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். முதல் வாரம் தெருவில் பேசினார்கள். அப்புறம் பேசுவதற்கு வேறு விஷயம் வந்துவிட்டது. காதர் பாய் இடப்பக்கம் உட்காருகிறார். முழங்காலுக்கு அதுதான் நல்லது என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

ஒரு மாதம் கழித்து அவர் மட்டும் தனியாக, நடந்தே பட்டறைக்கு வந்தார். வண்டிக்கு என்ன என்று கேட்டேன்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. இடப்பக்க சீட்டு இறங்கிப்போய்க் கெடக்கு பாண்டி. அடியில இருக்கிற கம்பி தொடையில குத்துது. சைலன்சரு அந்தப் பக்கமாப் போறதால காலுக்கு அனலா அடிக்குது. பத்து கிலோமீட்டரு தாங்கல.” தலையைக் குனிந்துகொண்டார். “இத்தன வருசம் அவ எப்படி இதுல உக்காந்து வந்தா? ஒரு வார்த்த சொல்லலயேடா.”

வண்டியை நாளைக்கு அனுப்புங்கள், சீட்டைக் கழற்றிப் புது ஃபோம் வைத்து, அடியில் அனலுக்குத் தகடு அடித்துத் தருகிறேன் என்றேன்.

“தகடு எவ்வளவு எடை வரும்?” என்று கேட்டார் காதர் பாய்.